வயர் ஏன் சூடாகுது? ஜேம்ஸ் ஜூலின் கதை

ஜூல்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? எனர்ஜியோட யூனிட். ஸ்கூல் ஃபிசிக்ஸ்ல ஒரு ஃபார்முலா. தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல ஒரு ரெண்டு மார்க் கேள்வி. அதோட முடிஞ்சுது. ஆனா அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் எந்த யுனிவர்சிட்டியிலும் படிக்காதவர். 21 வயசுல, அதாவது நம்ம ஃபைனல் இயர் பசங்க வயசுல, அவர் செய்த ஒரு சோதனைதான் இன்னைக்கு ஒரு கட்டடத்தோட சுவருக்குள்ள எவ்வளவு தடிமனான வயர் போகணும்னு முடிவு பண்ணுது. எலக்ட்ரிகல் கோடு புத்தகத்துல இருக்கிற டேபிள்கள் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னா, இந்த மனிதரைத் தெரிஞ்சுக்கணும்.

பீர் ஆலை முதலாளியின் மகன்

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1818 டிசம்பர் 24 அன்று, இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பிறந்தார். அப்பா பெஞ்சமின் ஜூல் பெரிய பீர் ஆலைக்கு முதலாளி. பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் பையனுக்கு உடம்பு சரியில்லை. முதுகெலும்பில் ஏதோ கோளாறு, அதோடு ரொம்பக் கூச்ச சுபாவம். அதனால் பாடமெல்லாம் பெரும்பாலும் வீட்டிலேயே நடந்தது.

1834-ல் அப்பா ஒரு நல்ல காரியம் செய்தார். ஜேம்ஸையும் அவருடைய அண்ணனையும் ஜான் டால்டனிடம் படிக்க அனுப்பினார். ஆமாங்க, அணுக்கொள்கை டால்டனேதான். அப்போது அவர் எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார், மான்செஸ்டரில் ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். சுமார் ரெண்டு வருஷம் கணக்கும் ஜியோமெட்ரியும் போனது. கெமிஸ்ட்ரி ஆரம்பித்த சமயத்தில் 1837-ல் டால்டனுக்குப் பக்கவாதம் வந்தது. ட்யூஷன் நின்றுபோனது. ஜூலின் முறையான படிப்பு கிட்டத்தட்ட இதோடு சரி. ஆனால் எதையும் எண்ணில் அளந்து பார்க்கிற பழக்கம் அந்தப் பையனுக்கு ஒட்டிக்கொண்டது.

பிறகு ஆலை வேலை. பீர் காய்ச்சுவதில் டெம்பரேச்சர் ஒன்றிரண்டு டிகிரி மாறினாலே சரக்கு கெட்டுவிடும். தெர்மாமீட்டரைக் கவனமாகப் படிப்பது அங்கே தினசரி வேலை. இந்தப் பயிற்சி பின்னாடி எப்படிக் கைகொடுத்தது என்று பார்க்கப்போகிறீர்கள்.

மோட்டார் கனவு

அந்தக் காலத்தில் எலக்ட்ரிக் மோட்டார்னா இப்போ ஏஐ மாதிரி, எல்லாரும் அதைப் பத்தித்தான் பேச்சு. நிலக்கரி, புகை, பாய்லர் எதுவும் இல்லாமல் பேட்டரியை வைத்தே மில்லையெல்லாம் ஓட்டிவிடலாம் என்று பலர் நம்பினார்கள். ஜூலும் நம்பினார். அப்பாவோட ஆலையில் இருக்கிற ஸ்டீம் இன்ஜினைத் தூக்கிவிட்டு மோட்டாரைப் போடலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. 19 வயதில், 1838-ல், தான் வடிவமைத்த மோட்டாரைப் பற்றி ஒரு கட்டுரையும் வெளியிட்டார்.

ஆனால் மோட்டாரை ஓட்ட ஓட்ட ஒரு விஷயம் உறுத்தியது. பேட்டரியிலிருந்து வருகிற சக்தி முழுவதும் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் கம்பி சூடாகிறது. கம்பி சூடாகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு சூடாகும், எதைப் பொறுத்து சூடாகும் என்பதற்குத்தான் யாரிடமும் உருப்படியான பதில் இல்லை. சரி, அளந்துவிடலாம் என்று ஜூல் உட்கார்ந்தார்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. அளக்கிறதுன்னா எதை வைத்து அளப்பது? ஆம்பியர் என்ற யூனிட்டே அப்போது கிடையாது. அது உலக அளவில் ஒப்புக்கொள்ளப்பட்டது 1881-ல்தான். கடையில் போய் அம்மீட்டர் வாங்க முடியாது. அதனால் ஜூல் தனக்கென்று ஒரு அளவையே உருவாக்கினார். ஒரு மணி நேரத்தில் 9 கிரெய்ன் தண்ணீரைப் பிரிக்கக்கூடிய கரண்ட் எவ்வளவோ, அதை அடிப்படையாக வைத்துத் தன் கால்வனாமீட்டரின் அளவுகளைக் குறித்துக்கொண்டார்.

சோதனை கேட்பதற்கு ரொம்ப சிம்பிள். ஒரு கண்ணாடிக் குழாயின் மேல் கம்பியைச் சுற்றி, அதை அளவான தண்ணீர் உள்ள ஜாடிக்குள் இறக்கி, கரண்ட் விட்டு, தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்ப்பது. முதலில் ரெசிஸ்டன்ஸ் வேறுபடும் கம்பிகளை சீரீஸில் மாட்டினார். எல்லாவற்றிலும் ஒரே கரண்ட். கிடைத்த வெப்பம் ரெசிஸ்டன்ஸுக்கு நேர்விகிதத்தில் இருந்தது. அடுத்து, கம்பியை மாற்றாமல் கரண்டை மட்டும் மாற்றினார். கரண்ட் இரண்டு மடங்கானால் வெப்பமும் இரண்டு மடங்காகும் என்றுதானே நாம் நினைப்போம்? நான்கு மடங்கு ஆனது. மூன்று மடங்கு கரண்டுக்கு ஒன்பது மடங்கு. அதாவது வெப்பம் கரண்டின் ஸ்கொயருக்கு ஏற்ப ஏறியது.

நாம் ஐ ஸ்கொயர் ஆர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இதுதான். 1840 டிசம்பரில், 22-வது பிறந்தநாளுக்குச் சில நாட்களுக்கு முன்னால், அந்தக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. அவர்கள் ஒரு சின்னச் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டார்கள், முழுக் கட்டுரையைப் போடவில்லை. முழு விவரம் அடுத்த வருஷம் வேறொரு பத்திரிகையில் வந்தது. ரஷ்யாவில் லென்ஸ் என்பவரும் தனியாக இதே முடிவுக்கு வந்தார். அதனால்தான் சில புத்தகங்களில் ஜூல்-லென்ஸ் விதி என்று இருக்கும்.

சொந்தக் கனவையே உடைத்த கணக்கு

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. அளக்கத் தெரிந்த பிறகு ஜூல் தன் மோட்டாரையே தராசில் வைத்தார். அந்தக் கால பேட்டரியில் எரிபொருள் மாதிரி கரைந்து தீர்வது துத்தநாகம். ஒரு பவுண்ட் துத்தநாகம் எவ்வளவு வேலை செய்யும், நல்ல ஸ்டீம் இன்ஜினில் ஒரு பவுண்ட் நிலக்கரி எவ்வளவு வேலை செய்யும் என்று ஒப்பிட்டார். நிலக்கரி ஏறத்தாழ ஐந்து மடங்கு வேலை செய்தது. விலையிலோ துத்தநாகம் நிலக்கரியைவிடப் பல மடங்கு அதிகம். கனவு அங்கேயே முடிந்தது.

வேறு யாராவது இருந்தால் அந்த எண்ணைக் கொஞ்சம் அமுக்கியிருப்பார்கள். நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ரீடிங் சரியாக வரலைன்னா என்ன நடக்கும்னு உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஜூல் தனக்கு எதிரான கணக்கைத் தானே வெளியிட்டார். வெளியிட்டுவிட்டு அதிலிருந்தே அடுத்த கேள்விக்குப் போனார். வேலை வெப்பமாக மாறுகிறது என்றால், எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம்?

1843-ல் அயர்லாந்தின் கார்க் நகரில் நடந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் இதற்கு முதல் பதிலைச் சொன்னார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1845 முதல் துடுப்புச் சக்கரச் சோதனை. கயிற்றில் கட்டிய எடைகள் கீழே இறங்க, அவை தண்ணீருக்குள் ஒரு துடுப்பைச் சுழற்றும். அந்த உராய்வில் தண்ணீர் சூடாகும். எடையைத் திரும்பத் திரும்ப மேலே ஏற்றி இறக்கினாலும் மொத்தமாக ஏறுகிற சூடு அரை டிகிரி ஃபாரன்ஹீட் அளவுதான். அந்த அரை டிகிரிக்குள் பின்னம் பின்னமாக அளக்க வேண்டும். மான்செஸ்டரில் டான்சர் என்ற கருவி செய்பவர் அவருக்காக நுட்பமான தெர்மாமீட்டர்கள் செய்து கொடுத்தார். ஒரு டிகிரியில் இருநூறில் ஒரு பங்கைத் தன்னால் படிக்க முடியும் என்று ஜூல் சொன்னபோது, பல விஞ்ஞானிகள் நம்பவில்லை. பீர் ஆலைக்காரருக்கு என்ன தெரியும் என்ற எண்ணமும் இருந்திருக்கும்.

1847-ல் ஆக்ஸ்ஃபோர்டு கூட்டம். நேரமாச்சு, சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள் என்று தலைமை தாங்கியவர் சொல்லிவிட்டார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் பொறி தட்டியது. வில்லியம் தாம்சன், அப்போது வயது 22 அல்லது 23 இருக்கும், பின்னாளில் கெல்வின் பிரபு. இருவரும் பழகினார்கள். ஜூல் மான்செஸ்டரில் அளப்பார், தாம்சன் கிளாஸ்கோவில் தியரி போடுவார், நடுவில் கடிதங்கள் பறக்கும். நீங்கள் செகண்ட் இயரில் படித்த ஜூல்-தாம்சன் எஃபெக்ட் அப்படிப் பிறந்ததுதான்.

1850-ல் ஜூல் கொடுத்த எண் 772. ஒரு பவுண்ட் தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்க, 772 பவுண்ட் எடை ஓர் அடி கீழே இறங்குகிற வேலை தேவை. இன்றைய மதிப்பு சுமார் 778. கயிறும் கப்பியும் தெர்மாமீட்டரும் வைத்து, ஒரு சதவீதத்துக்குள்! முதல் கட்டுரையை முழுசாகப் போடாத அதே ராயல் சொசைட்டி அந்த வருஷம் அவரை உறுப்பினராக்கியது. ஜெர்மனியில் மேயர் என்ற டாக்டரும் இதே கருத்தை முன்பே வெளியிட்டிருந்தார், யார் முதலில் என்ற சண்டையும் நடந்தது. ஆனால் சோதனை செய்து எண்ணை நிலைநாட்டியவர் ஜூல் என்பதில் சந்தேகம் இல்லை.

வீட்டில் நிலைமை வேறு. 1847-ல் அமீலியா என்பவரைத் திருமணம் செய்திருந்தார். ஏழே வருஷத்தில், 1854-ல், அமீலியா இறந்துபோனார். பிறந்த ஒரு குழந்தையும் தங்கவில்லை. ஒரு பையன், ஒரு பெண், இந்த இருவரோடு ஜூல் தனியானார். ஆலையும் அதே வருஷம் விற்கப்பட்டது. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அளப்பதையும் நிறுத்தவில்லை.

வீட்டுக்குள் கரண்ட் வந்தபோது

இப்போ நம்ம வயருக்கு வருவோம். 1840-ல் ஜூல் கம்பியைச் சூடாக்கிப் பார்த்தபோது உலகத்தில் எந்த வீட்டிலும் வயரிங் கிடையாது. எடிசன், ஸ்வான் இவர்களுடைய பல்புகள் வந்து, 1880-களில்தான் மின்சாரம் வீட்டுக்குள் நுழைகிறது. கூடவே தீ விபத்து பயமும் நுழைந்தது. மரச்சுவர், துணி சுற்றிய கம்பி, எவ்வளவு கரண்ட் விடலாம் என்று தெரியாத வேலையாட்கள்.

1882-ல் லண்டனில் தந்தி மற்றும் மின் பொறியாளர்கள் சங்கம் தீ ஆபத்தைத் தடுக்க ஒரு சின்ன விதித்தொகுப்பை வெளியிட்டது. பிரிட்டனின் இன்றைய வயரிங் விதிகளுக்கு அதுதான் முன்னோடி. வழக்கமான கரண்ட் ஓடும்போதே கம்பி தொட்டால் சூடு தெரிகிறது என்றால், அந்த வேலைக்கு அது மெலிந்த கம்பி, தடிமனானதாக மாற்ற வேண்டும் என்பது அதில் ஒரு கருத்து. அப்போது ஜூலுக்கு வயது 63. அவர் ஜாடிக்குள் பார்த்தது, அவர் உயிரோடு இருக்கும்போதே விதியாக மாறியது.

அமெரிக்காவில் நேஷனல் எலக்ட்ரிகல் கோடு 1897-ல் வந்தது. இன்றைக்கும் அதை வெளியிடுவது ஒரு தீத்தடுப்பு அமைப்பு. அதில் பிராஞ்ச் சர்க்யூட் என்றால் கடைசி பிரேக்கருக்கும் சாக்கெட் அல்லது லைட்டுக்கும் நடுவில் ஓடுகிற வயர்கள். நம்ம ஊரில் சப் சர்க்யூட் என்போம். அந்த வயரின் சைஸை முடிவு பண்ணுகிற விதிகளை எடுத்துப் பார்த்தால், எல்லா மூலையிலும் ஜூல் உட்கார்ந்திருப்பார்.

ஒரு உதாரணம். அங்கே 20 ஆம்பியர் சர்க்யூட்டுக்கு வழக்கமாகப் போடுவது 12 கேஜ் காப்பர் வயர். குறுக்குப் பரப்பு சுமார் 3.3 சதுர மில்லிமீட்டர், நம்ம 2.5-க்கும் 4-க்கும் இடையில். ரெசிஸ்டன்ஸ் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.0052 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு அரை வாட் வெப்பம். 20 ஆம்பியரில் 2 வாட். 40 ஆம்பியரில் 8 வாட்டுக்கு மேல். சுவருக்குள் காற்றோட்டமே இல்லாத இடத்தில் இந்த வெப்பம் போக வழி தேடும். போகிற வேகமும் உண்டாகிற வேகமும் சமமாகும்வரை வயரின் டெம்பரேச்சர் ஏறிக்கொண்டே போகும். அது இன்சுலேஷன் தாங்குகிற அளவைத் தாண்டினால், இன்சுலேஷன் மெல்ல மெல்லக் காய்ந்து, வெடித்து, ஒருநாள் ஷார்ட் ஆகும்.

அதனால் டேபிளில் உள்ள ஆம்பியர் எண் என்பது, எந்தக் கரண்டில் இந்த வயர் தன் எல்லைச் சூட்டைத் தொடும் என்பதுதான். காப்பரால் அதைவிட அதிக கரண்டைக் கடத்த முடியாது என்று அர்த்தமில்லை. 75 டிகிரி செல்சியஸ் தாங்கும் இன்சுலேஷனுக்கு 12 கேஜ் வயரின் டேபிள் மதிப்பு 25 ஆம்பியர். சுற்றுப்புறம் 30 டிகிரி என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. சுற்றுப்புறம் 40 டிகிரி ஆனால்? கோடு 0.88-ஆல் பெருக்கச் சொல்லும். அந்த 0.88 எங்கிருந்து வந்தது? நீங்களே போட்டுப் பாருங்க. முதலில் வயருக்கு ஏற இருந்த இடம் 75-லிருந்து 30 போக 45 டிகிரி. இப்போது 35 டிகிரிதான். 35-ஐ 45-ஆல் வகுத்து ஸ்கொயர் ரூட் எடுங்க. 0.88! வெப்பம் கரண்டின் ஸ்கொயர் என்றால், கரண்டைக் கண்டுபிடிக்க ரூட்தானே எடுக்கணும். ஜூலின் ஜாடியே டேபிளுக்குள் இருக்கிறது.

ஒரே பைப்பில் கரண்ட் ஓடுகிற வயர்கள் 4 முதல் 6 வரை இருந்தால், மேலும் 0.8-ஆல் பெருக்க வேண்டும். ஒன்றின் சூடு இன்னொன்றுக்குப் போகும் இல்லையா? கரண்டை 80 சதவீதமாகக் குறைத்தால் வெப்பம் 64 சதவீதமாகிவிடும், அதான் லாபம். ஆக 25 × 0.88 × 0.8 = 17.6 ஆம்பியர். 20 ஆம்பியர் பிரேக்கர் போட்ட, பல சாக்கெட் உள்ள சர்க்யூட்டுக்கு இது பத்தாது. அடுத்த சைஸான 10 கேஜுக்குப் போனால் 35 × 0.88 × 0.8, அதாவது 24.6. போதும். தொடர்ந்து மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஓடுகிற லோடு என்றால் அதை 1.25-ஆல் பெருக்கித்தான் சைஸ் பார்க்கணும் என்பதும் ஒரு விதி. 16 ஆம்பியர் லோடுக்கு 20 ஆம்பியர் சர்க்யூட். நீண்ட நேரம் ஓடும்போது வயரும் பிரேக்கரும் முழுச் சூட்டுக்கு வந்துவிடும் என்பதற்கான முன்ஜாக்கிரதை இது.

கல்லறையில் ஓர் எண்

கடைசிக் காலத்தில் ஜூலிடம் பணம் கரைந்திருந்தது. 1878-ல் அரசு அவருக்கு வருஷத்துக்கு 200 பவுண்ட் பென்ஷன் கொடுத்தது. அதே வருஷம், அறுபது வயதை நெருங்கும்போது, தன் பழைய எண்ணை மறுபடி அளந்து 772.55 என்று திருத்திக்கொண்டார்.

1882-ல் சீமென்ஸ் ஒரு யூனிட்டுக்கு ஜூலின் பெயரை முன்மொழிந்தார். 1889-ல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. அந்த வருஷம் அக்டோபர் 11 அன்று, மான்செஸ்டருக்கு அருகே சேல் என்ற ஊரில் ஜூல் இறந்தார். அவர் கல்லறைக் கல்லின் மேல் 772.55 என்ற எண் செதுக்கப்பட்டிருக்கிறது. மான்செஸ்டர் டவுன் ஹால் வாசலில் அவருக்கு ஒரு சிலை. எதிரில் இன்னொரு சிலை, அது டால்டன். ட்யூஷன் வாத்தியாரும் மாணவரும் அங்கே எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

படித்து முடித்ததும் நீங்க செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கு. உங்க ரூம்ல ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல கெட்டில், அயர்ன் பாக்ஸ், லேப்டாப் எல்லாம் சொருகியிருக்கும். கொஞ்ச நேரம் ஓடினதும் சுவிட்சை ஆஃப் பண்ணி, பிளக்கைக் கழற்றிட்டு, வயர் மேல கை வெச்சுப் பாருங்க. வயரோ பிளக்கோ நல்லாச் சூடா இருந்தா, அந்த வயருக்கு அந்த லோடு அதிகம். 1882-ல சொன்னதுதான். கெட்டிலைத் தனியா சுவர் சாக்கெட்ல மாட்டுங்க. எக்ஸ்டென்ஷன்ல ஓடுற கரண்ட் பாதியாச்சுன்னா, அதுல வர்ற சூடு கால்வாசியாயிடும்.

அடுத்த தடவை டிசைன் பேப்பர்ல டீரேட்டிங் ஃபேக்டர் டேபிளை மனப்பாடம் பண்ண உட்காரும்போது, கால்குலேட்டர்ல ஒரு ரூட் போட்டுப் பாருங்க. சுற்றுப்புறச் சூட்டுக்கான எண்கள் மனப்பாடம் இல்லாமலே வந்துடும்.